கல் வெந்த பானை

செரோக்கி மக்களின் மலைநாட்டில், காலையில் எழும் மூடுபனி உச்சிவேளை வரைக்கும் மரங்களை விட்டுப் போக மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பள்ளத்தாக்கில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஓர் ஊர் இருந்தது, அந்த ஊரில் வாலேலா என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு சலாலி என்று ஒரே ஒரு மகன் இருந்தான். வாலேலா என்பது பூவுக்குப் பூ தாவும் சின்னஞ்சிறு குருவியின் பெயர், சலாலி என்பது அணிலின் பெயர். குருவிக்கு அணில் பிறந்திருக்கிறது என்று அவன் பிறந்த அன்று ஊரார் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிக்க அதிகமாக எதுவும் அமையவில்லை, ஏனென்றால் அடுத்த வெள்ளத்தில் சலாலியின் அப்பா ஆற்றோடு போனான், பின்னால் வந்த கோடைகளில் மழை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் குறைவாகவும் பெய்தது, மழை குறையக் குறையக் காகங்கள் கூடின.

காகங்கள் அந்த ஊரை நன்றாகப் படித்துவைத்திருந்தன. மக்காச்சோளக் கதிரில் பால் பிடிக்கும் நாள் பெண்களுக்குத் தெரியும் முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடும். விடியும்போது சரிவில் நிற்கும் மரங்களெல்லாம் கறுத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் அந்தக் கறுப்பு அப்படியே பெயர்ந்து வயலில் வந்து இறங்கும். அந்த நாட்டில் வயல் பெண்களுடையது, விதைப்பதும் களையெடுப்பதும் அறுப்பதும் அவர்கள்தான். ஆண்கள் வேட்டைக்குப் போவார்கள், போகாத நாட்களில் ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். வயல் நடுவில் கட்டிய பரண்மேல் உட்கார்ந்து காகம் விரட்டுவது பையன்களின் பொறுப்பு. அந்த வயதில் ஊரில் இருந்தவர்கள் ஏழு பையன்கள், ஏழு பேருக்கும் பரண் பிடிக்கவில்லை. ஊர்க்கூடத்தைச் சுற்றியிருந்த மைதானம்தான் பிடித்திருந்தது. தட்டையான வட்டக் கல்லை மைதானத்தில் உருட்டிவிட்டு, அது எங்கே போய்ச் சாயும் என்று கணக்குப்போட்டு அந்த இடத்தில் கோலை எறிகிற விளையாட்டை அவர்கள் காலையில் தொடங்கினால் கல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விடமாட்டார்கள்.

ஏழு தாய்மார்களும் கெஞ்சிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள். தாய்மாமன்களிடம் சொல்லிப் பார்த்தார்கள், ஏனென்றால் அங்கே பிள்ளையைக் கண்டிக்கும் உரிமை மாமனுக்குத்தான். வாலேலாவின் தம்பி அதோகி மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பரண்மேல் உட்காரவைத்துவிட்டு வருவான், அவன் வீடு திரும்பும்போது சலாலி அவனுக்கு முன்பே மைதானத்தில் இருப்பான். ஒருநாள் ஆற்றங்கரையில் கூடை நிறையக் காகம் கொத்திய கதிர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாலேலாவுக்கு அந்த யோசனை வந்தது. அவள் கோபக்காரி, ஆனால் அன்று கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்த்தான் சொன்னாள்.

"அந்தக் கல்லுங்களை எடுத்துப் பானையில போட்டு வேகவெச்சுக் குடுத்தா என்ன? சோளம் வேண்டாம்னுதானே விளையாடுதுங்க. கல்லையே தின்னட்டும்."

பக்கத்து வீட்டுக் கமாமா உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அவளுக்கு வாயா என்று ஒரு மகனும், அப்போதுதான் நடக்கப் பழகிய நோக்கிசி என்ற மகளும் இருந்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய், பையன்கள் குளிக்க இறங்கியிருந்த நேரம் பார்த்து மைதானத்தின் ஓரத்தில் குவித்துவைத்திருந்த கற்களை ஆளுக்கொன்றாக மடியில் கட்டிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் ஊரின் ஏழு வீடுகளில் கஞ்சிப் பானைக்குள் கல் கொதித்தது. கொதிக்கும்போது கல் பானையின் அடியில் மெல்ல மெல்ல முட்டும் சத்தம், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல, வீதி முழுக்கக் கேட்டது. சலாலி பசியோடு வந்து உட்கார்ந்தான். வாலேலா மரக் கிண்ணத்தில் கல்லை வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"உனக்குப் பிடிச்சது இதுதானே. சாப்பிடு."

அவன் அழுவான், அழுததும் அடுப்போரம் மூடிவைத்திருந்த அவரைக்காய் அடையை எடுத்துக் கொடுக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அழவில்லை. கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியைக் கொஞ்சநேரம் பார்த்தான், ஒரு விரலால் கல்லைத் தொட்டான், பிறகு மரியாதையாக, வேற்றூர்க்காரர் வீட்டில் பேசுகிற குரலில், "சரிம்மா" என்றான். கிண்ணத்தைக் கையால் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனான். ஏழு வீட்டிலும் அப்படித்தான் நடந்ததென்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஏழு பேரும் அதே சொல்லைச் சொல்லியிருந்தார்கள், ஒருவன்கூடக் கதவை அறைந்து சாத்தவில்லை.

பையன்கள் மைதானத்துக்குப் போய் ஊர்க்கூடத்தைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள். ஒருவன் தோளை ஒருவன் பிடிக்காமல், ஒருவன் முதுகைப் பார்த்து ஒருவன், வாய்க்குள்ளேயே ஒரு பாட்டை முனகிக்கொண்டு, சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அந்தப் பாட்டை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. கோபம் ஆறட்டும் என்று தாய்மார்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வாலேலா மகனைக் கூப்பிடப் போனாள், கிட்டே போனவள் நின்றுவிட்டாள். சலாலியின் பாதங்களுக்குக் கீழே புல் மடியவில்லை. பாதத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியில் மறுபக்கத்து மலை தெரிந்தது.

"வீட்டுக்கு வா" என்றாள். அவன் வந்தான். பாயில் படுத்தான், பாய்க்கு ஒரு விரல் மேலே.

மறுநாள் ஊர் அதைப் பார்த்தது, தலையை ஆட்டிக்கொண்டது, வேலைக்குப் போனது. உலகத்தில் சில பிள்ளைகள் இடதுகைப் பழக்கத்தோடு பிறப்பதில்லையா, சிலர் தூக்கத்தில் நடப்பதில்லையா, இதுவும் அப்படி ஒன்று, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் பையன்கள் ஆடினார்கள், ஒவ்வொரு காலையும் கொஞ்சம் உயரத்தில் எழுந்தார்கள். முழங்கால் உயரம் வந்தபோது வீடுகளில் வாசல் நிலை தலையில் இடித்தது, ஆண்கள் கோடாலி கொண்டுவந்து ஏழு வீட்டு வாசல்களையும் உயர்த்திக் கட்டிக்கொடுத்தார்கள். இடுப்புயரம் வந்தபோது எட்டாத கிளையில் பழுத்திருந்த மல்பெரிப் பழங்களைப் பறித்துத் தரச் சொல்லி அண்டை வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பையன்கள் மறுக்காமல் பறித்துத் தந்தார்கள், தாங்கள் ஒன்றுகூட வாயில் போடவில்லை. கல்லை வைத்த அந்த நாளிலிருந்து ஏழு பேரும் எதையும் சாப்பிடவில்லை என்பதைத் தாய்மார்களைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

வாலேலா அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். சோளமாவில் அவரைப்பருப்பு பிசைந்து இலையில் கட்டி வேகவைத்தாள், ஆற்றுமீனைச் சுட்டாள், மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சினாள். கிண்ணத்தை ஒரு நீளக் கழியின் முனையில் கட்டி அவனிடம் உயர்த்திப் பிடித்தாள்.

"வாசனை நல்லா இருக்கும்மா" என்றான் சலாலி.

"பசிக்கலையாடா உனக்கு?"

அவன் யோசித்தான். "பசி அங்க கீழதாம்மா இருக்கு" என்று அவள் நிற்கும் இடத்தைக் காட்டினான், தொலைந்த பொருள் ஒன்றை இன்னார் வீட்டில் பார்த்தேன் என்று சொல்வதுபோல.

அவள் பிடித்திருந்த கழி சாய்ந்தது. கிண்ணம் கவிழ்ந்து பாகு அவள் தலைமுடியில் ஒழுகியது.

பையன்கள் சோளக் கதிரின் உயரத்துக்கு வந்த அந்த வாரத்தில்தான் ஊருக்கு அது பயன்படும் என்று தெரிந்தது. காலை நேரத்தில் அவர்கள் விளையாட்டாக வயலுக்குமேல் நடந்துபோனார்கள், கதிர்களின் பட்டு நூல் பாதத்தில் உரச, வரிசையாக, ஓசையில்லாமல் நடந்தார்கள். மரங்களில் கறுத்துக் கிடந்த காகங்கள் அதைப் பார்த்தன. கத்தவில்லை, சிதறவில்லை, எல்லாம் ஒன்றாக எழுந்து மலையின் அந்தப் பக்கம் போய்விட்டன, அதன் பிறகு அந்தக் கோடை முழுக்க ஒரு காகம்கூட அந்தப் பள்ளத்தாக்குக்குள் வரவில்லை. சோளம் விளைந்தது. கதிர் தாங்காமல் தட்டைகள் சாய்ந்தன. சாயங்காலத்தில் பையன்களின் உடம்பிலிருந்து மின்மினியின் வெளிச்சம்போல ஒன்று கசியத் தொடங்கியது, பெண்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கதிர் உரித்தார்கள், ஆண்கள் அம்புக்கு இறகு கட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தோல்களும் உப்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் போகும்போது, "உங்க ஊரு குடுத்துவெச்ச ஊரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாலேலா ஊர்த்தலைவர் ஓகனாவைப் பார்க்கப் போனாள். பருத்த உடம்பும் சின்னக் குரலும் கொண்ட மனிதர். யாரையும் வருத்தப்படவைக்க அவருக்குப் பிடிக்காது.

"கயிறு வேணும்" என்றாள். "பட்டையில முறுக்கின கயிறு, ஊருல இருக்கிறதெல்லாம். பிள்ளைங்களைக் கட்டி இறக்கணும்."

"இறக்கலாம்மா, யாரு வேண்டாம்னா" என்றார் ஓகனா. "அறுவடை முடியட்டும். இப்போ இறக்கினா காகம் திரும்பி வந்துரும். போன குளிர்காலத்துல எத்தனை குழந்தைங்களைப் புதைச்சோம், உனக்கே தெரியும்."

"அதுவரைக்கும் என் பிள்ளை சாப்பிடாம இருக்கணுமா?"

"வாடின மாதிரியா தெரியுது? முகத்துல எவ்வளவு ஒளி பாரு."

அவள் கமாமாவிடம் போனாள். கமாமா இப்போது சிரிப்பதில்லை, ஆனால் அவள் வீட்டு வாசலில் மற்றவர்கள் கொண்டுவந்து வைத்த பூசணியும் மான்கறியும் குவிந்திருந்தன. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் கமாமா. "ஆனா தொட்டா உடைஞ்சிருவானோன்னு அதைவிட பயமா இருக்கு. நேத்து வாயாவைப் பாத்தேன். அவன் நெஞ்சுக்குப் பின்னால மரம் தெரியுது."

புதுச்சோளத் திருவிழா வந்தது. அந்தத் திருவிழாவில் ஊரின் பழைய நெருப்பையெல்லாம் அவித்துவிட்டுப் புது நெருப்பு கடைவார்கள். அந்த ஆண்டின் சண்டைகள், கோபங்கள், கடுஞ்சொற்கள் எல்லாம் அன்றோடு மன்னிக்கப்படும். வாலேலா அந்த நாளை நம்பியிருந்தாள். ஊரே கூடியிருந்த மைதானத்தின் நடுவில் போய் நின்று, ஊர்க்கூடத்தின் கூரை உயரத்தில் மிதந்துகொண்டிருந்த மகனை அண்ணாந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பசியோட வந்த பிள்ளைக்குக் கல்லை வெச்சேன். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுரு. இறங்கி வா சாமி."

சலாலி குனிந்து பார்த்தான். அவன் குரல் மெலிந்து, இலை உரசும் சத்தம்போல ஆகியிருந்தது.

"என்ன கல்லும்மா?" என்றான்.

வாலேலா அவனை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

"கோபமா இருந்தேன்னு நினைக்கிறேன்" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "இப்போ இல்ல. மறந்துபோச்சு." பிறகு அவன் அவளைப் பார்த்தான், அவள் முகத்திலிருந்து பக்கத்தில் இருந்தவளின் முகத்துக்கும், அங்கிருந்து அடுத்தவளின் முகத்துக்கும் அவன் பார்வை நகர்ந்தது, எதிலும் நிற்கவில்லை. மன்னிக்கும் ஆளே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறான் என்று வாலேலாவுக்கு அப்போது புரிந்தது. அம்மா என்ற சொல் அவன் வாயில் இன்னும் மிச்சமிருந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது.

புது நெருப்பு மூட்டி முடிந்ததும் பையன்கள் ஆடத் தொடங்கினார்கள். அன்று சுற்று வேகமாக இருந்தது. முனகலாக இருந்த பாட்டு இப்போது வாய்விட்டு வந்தது, ஊரார் தங்களை அறியாமல் அதற்குக் கால் தட்டினார்கள், ஓகனா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழு பேரும் கூரையை விட்டு மேலே போனார்கள். வாலேலா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கொட்டை உலுக்க ஆண்கள் வைத்திருந்த துறட்டி ஒன்று ஊர்க்கூடத்தின் சுவரில் சாய்ந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு மண் பூசிய கூரைமேல் கைகாலால் தொற்றி ஏறினாள். கீழேயிருந்து தம்பி அதோகி கத்தினான்.

"அக்கா, வேண்டாம். இறங்கு."

கூரையின் உச்சியில் நின்று அவள் துறட்டியை நீட்டினாள். முதலில் வந்தவன் வாயா, அவனை விட்டாள். அடுத்தவனை விட்டாள். சலாலி வந்தபோது துறட்டியின் கொக்கியை அவன் கணுக்காலில் மாட்டி, தன் உடம்பின் எடை முழுவதையும் சேர்த்து இழுத்தாள்.

அவன் வந்தான். முதலில் இறகு வருவதுபோல வந்தான், இழுத்த கழியில் கனமே இல்லை. பிறகு கூரையின் விளிம்பைத் தாண்டியபோது, அத்தனை நாள் சாப்பிடாத பசியும், அத்தனை நாள் மிதித்திருக்க வேண்டிய தரையின் கனமும் மொத்தமாக அவன்மேல் வந்து சேர்ந்தன. துறட்டி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. "அம்மா" என்று அவன் ஒருமுறை கூப்பிட்டான், அந்தக் குரல் பழைய குரலாக, வீட்டுக்குரலாக இருந்தது, பயந்துபோயிருந்தது. அவன் மைதானத்தில் விழுந்தான். தரை அவனுக்குத் தண்ணீர்போலத் திறந்து, தண்ணீர்போலவே மூடிக்கொண்டது. புல்கூடக் கலையவில்லை.

மற்ற ஆறு பேரும் நிற்கவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. பாட்டு சின்னதாகிக்கொண்டே போனது, வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது, வானத்தில் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் ஆறு நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கமாமா மண்ணில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊர் பசியில்லாமல் இருந்தது. ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. ஆறு தாய்மார்களுக்கும் ஊர்க்கூடத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள், வேட்டையில் கிடைத்ததில் முதல் பங்கு அவர்களுக்குப் போனது, வேற்றூர்க்காரர்கள் அவர்களின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வாலேலாவிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை. அவள் வரும்போது பேச்சு மட்டும் கொஞ்சம் தணியும். மேலே போக வேண்டிய பிள்ளையைக் கீழே தள்ளியவள் என்று நினைத்தார்கள், அப்படி நினைப்பதை மறைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் நல்லவர்கள். அவள் மகன் விழுந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். பனி பெய்தாலும் அங்கேயே இருப்பாள். அங்கே மண் எப்போதும் ஈரமாக இருந்தது, வசந்தம் வந்தபோது அந்த ஈரத்தில் ஊசி ஊசியாக ஒரு பச்சை எட்டிப் பார்த்தது, கோடை தொடங்கும்முன் அது அவள் தோளுயரத்துக்கு ஒரு பைன் மரமாக வளர்ந்திருந்தது. காற்றில்லாத நேரத்திலும் அது அசையும். அவள் அதன் தண்டைப் பிடித்துக்கொள்வாள், பிசின் கையில் ஒட்டும், அந்தக் கையைக் கழுவாமல் தூங்குவாள்.

அந்தக் கோடையிலும் மழை தாமதித்தது. சரிவில் மரங்கள் மறுபடி கறுத்தன.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். யாரும் எதையும் நேரடியாகப் பேசவில்லை. போன வருஷ விளைச்சல் எப்படி இருந்தது என்று ஒருவர் நினைவுபடுத்தினார். அந்தப் பையன்கள் வலியில்லாமல் போனார்கள், அழக்கூட இல்லை என்று இன்னொருவர் சொன்னார். இப்போது ஊரில் அந்த வயதை நெருங்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மூன்றாவது ஒருவர் சும்மா கேட்டுவைத்தார். ஓகனா நெருப்பைக் கிளறிக்கொண்டே, சின்னக் குரலில், "யாரையும் வற்புறுத்தப் போறதில்ல" என்றார். "மனசு இருக்கிறவங்க பாத்துக்குங்க. வானத்துல இருக்கிற பிள்ளைக்கு ஒரு துணை வேணும்னு சில தாய்க்குத் தோணலாம்."

அவர் கமாமாவைப் பார்க்காமல்தான் சொன்னார். கூட்டம் முழுக்கக் கமாமாவைப் பார்த்தது.

மறுநாள் காலை கமாமா பைன் மரத்தடிக்கு வந்தாள். நோக்கிசியை இடுப்பில் தூக்கிவைத்திருந்தாள். நடக்கக்கூடிய பிள்ளை, ஆனாலும் இறக்கிவிடவில்லை. போன கோடையிலிருந்து இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசியதில்லை.

"என் வீட்டு வாசல்ல யாரோ ஒரு கல்லை வெச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள் கமாமா. "சுத்தமா கழுவி, இலைமேல வெச்சிருக்கு."

வாலேலா மரத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அதைத் தூக்கி எறிஞ்சிருக்கணும். எறியல. கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். வாயா தனியா இருக்கானேன்னு நினைச்சேன். மத்த அஞ்சு பேரு கூட இருக்காங்க, ஆனா அவன் என்னைப் பாக்கவே இல்ல போகும்போது. இவளாவது போய்ச் சொல்வாளேன்னு..." அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "பானையில தண்ணி ஊத்தி அடுப்புல ஏத்திட்டேன் வாலேலா. இவளை நீ வெச்சுக்க. என் கையில விடாதே."

"என் கையிலயா?" என்றாள் வாலேலா. "நான் இழுத்து என் பிள்ளை மண்ணுக்குள்ள போயிட்டான்."

"தெரியும். அவன் விழும்போது உன்னைக் கூப்பிட்டான். நாங்க ஆறு பேரும் அதைக் கேட்டோம்." கமாமா பிள்ளையின் தலையைத் தடவினாள். "எங்களை யாரும் கூப்பிடல."

வாலேலா எழுந்தாள். பிசின் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கித் தரையில் நிறுத்தினாள், ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுகையைக் கமாமாவிடம் கொடுத்தாள். மூன்று பேருமாகக் கமாமாவின் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. வாலேலா அதை இறக்கி வாசலில் கவிழ்த்தாள், சோளமாவு எடுத்துக் கஞ்சி காய்ச்சினாள், நோக்கிசி வயிறு நிறையச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது வீதியில், எந்த வீடு என்று உடனே சொல்ல முடியாமல், பானையின் அடியில் மெல்ல மெல்ல முட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அவள் முதல் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள், பூசணிக்காய். இரண்டாவது வீட்டில் மீன். ஊர்த்தலைவர் ஓகனாவின் வீட்டில், அவர் மகள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், மூலையில் இரண்டு பிள்ளைகள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வாலேலா மூடியைத் திறந்தாள். ஆவிக்குள் கையைவிட்டு, கை வெந்துபோவதைப் பொருட்படுத்தாமல் இரண்டு கற்களை எடுத்தாள், ஓகனாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"உங்க வீட்டுலயேவா?" என்றாள்.

பெரிய உடம்பு குறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. "மத்தவங்களைச் சொல்லிட்டு நான் சும்மா இருக்க முடியுமாம்மா" என்றார் அவர். அவர் கண்ணில் நீர் இருந்தது. அதையும் பார்த்துவிட்டு அவள் தன் வீட்டிலிருந்து அடை கொண்டுவந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், அவர்கள் மென்று விழுங்குவதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து சமையல் நேரத்தில் வாலேலா வீடுவீடாகப் போய் மூடி திறந்து பார்த்தாள். வெந்த கையில் துணி சுற்றியிருக்கும், மறுகையால் திறப்பாள். முதலில் திட்டினார்கள், சிலர் கதவுக்குக் குறுக்கே கட்டை போட்டார்கள், அப்போது அதோகி வந்து கட்டையை எடுத்துவைத்தான். பெண்கள் முறைவைத்துப் பரண் ஏறிக் காகம் விரட்டினார்கள், கமாமா தொண்டை கட்டும்வரை கத்தினாள், ஆனாலும் காகங்கள் பாதிக்குமேல் தின்றன. அந்தக் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. கிழங்கும் ஓக் கொட்டையும் இடித்துத் தின்றார்கள். ஓகனா தன் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பனி உருகும்முன் இறந்துபோனார். இரண்டு கைக்குழந்தைகளைப் புதைத்தார்கள். புதைத்த இரு தாய்மார்களும் வாலேலாவைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அந்த வீடுகளுக்கும் போனாள், அங்கேயும் மூடியைத் திறந்து பார்த்தாள்.

பிறகு வந்த ஆண்டுகளில் அது அந்த ஊரின் வழக்கமாகிவிட்டது. அவள் வந்து பார்க்கும்வரை எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதில்லை. அவள் முதுகு வளைந்த காலத்தில் நோக்கிசி அவளுக்குத் துணையாக வந்தாள், ஒரு கட்டத்தில் மூடி திறப்பதை நோக்கிசியே செய்தாள், வாலேலா பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. பைன் மரம் ஊர்க்கூடத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது.

மழை வராத ஒரு கோடையின் காலையில் அவர்கள் இருவரும் அப்படி ஒரு வீட்டில் நுழைந்தபோது, அந்த வீட்டுப் பெண், புதிதாகத் தாயானவள், சிரித்துக்கொண்டே அடுப்பை மறைத்து நின்றாள்.

"இன்னிக்கு ஒண்ணும் சமைக்கல பாட்டி" என்றாள்.

பானை கொதித்துக்கொண்டிருந்தது. வயல்பக்கம் காகங்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாலேலா அந்தப் பெண்ணின் தோளைத் தடவி மெல்ல விலக்கினாள், நோக்கிசி துணியால் மூடியைப் பிடித்தாள்.